மோட்டார் குரூப்புக்குத் தாம்பூலம்

என் வீட்டுக்காரர் போன பிறகு எங்கள் வீட்டில் வாழைப்பழத்துக்குப் பஞ்சமே இல்லை. கூடத்தில் பழம், சமையலறையில் பழம், அவர் படத்துக்குக் கீழே பழம். தின்ன ஆள் கிடையாது. ஈ மொய்த்து, கறுத்து, வீடே புளித்த வாடை அடித்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கொண்டுவந்தது என்று நினைத்துவிடாதீர்கள். துக்க வீட்டுக்கு யாராவது வெற்றிலை, பாக்கு, மஞ்சளோடு பழம் கொண்டுவருவார்களா? இது திருப்பிக் கொடுத்த தாம்பூலம். பெண்ணுக்கு நிச்சயம் நின்றுபோனதா என்றால் அதுவும் இல்லை, எங்களுக்குப் பெண்ணே கிடையாது. பொறுமையாகக் கேட்டால் சொல்கிறேன். எனக்கும் மூச்சு வாங்குகிறது.

அவர் பெயர் வேணுகோபால். ஆரணியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தொழிற்பிரிவு ஆசிரியர். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கம்பியைத் திரும்பச் சுற்றி ஓட வைப்பது எப்படி என்று பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் பிரிவு. அரசாங்கக் காகிதத்தில் அதற்கு நீளமான பெயர் இருந்தது. ஊருக்கு அது மோட்டார் குரூப். படிப்பு ஏறாத பிள்ளைகளைத் தள்ளிவிடும் இடம் என்று ஊரே முடிவு செய்து வைத்திருந்தது. தப்பாகக் கணக்குப் போடுகிறவனை, உன்னை மோட்டார் குரூப்புக்கு அனுப்பிவிடுவேன் என்று கணக்கு வாத்தியார் மிரட்டுவாராம். அதைக் கேட்டுவிட்டு வந்து இவர் இரவு சாப்பிடமாட்டார். நான் சாப்பிடுவேன். யாரோ எதையோ சொன்னதற்கு நான் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

அவர் பாடம் நடத்தும் விதமே வேறு. முதல் நாள் புத்தகம் கிடையாது. அவரவர் தெருவிலிருந்து எரிந்த மோட்டார் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்கா குறை? த்ரீ பேஸ் கரண்டு வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல், கண்டன்சரை மாட்டி டூ பேஸிலேயே கிணற்று மோட்டாரை ஓட்டி, உள்ளே சுற்றிய காயிலைப் பொசுக்கிவிட்டு, பிறகு கரண்டைத் திட்டுகிற ஊர். பையன்கள் சைக்கிள் கேரியரில் மோட்டாரைக் கட்டிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்க்கச் சொல்வார். வாடையை வைத்தே ஏன் எரிந்தது என்று சொல்ல வேண்டுமாம். அந்த வாடை அவர் சட்டையோடு வீட்டுக்கு வந்துவிடும். இருபது வருஷம் துவைத்தேன், போகவில்லை.

தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் முகூர்த்த மாதங்களில் பள்ளிக்கு மட்டம் போடுவார்கள். சேலை ஆர்டர் குவிந்திருக்கும், கூடமாட வேலை செய்ய ஆள் வேண்டும். அதற்காகவே இவர் செய்முறை வகுப்புகளைக் கல்யாணம் இல்லாத ஆடி மாதத்துக்குத் தள்ளி வைத்துக்கொள்வார். மற்ற நேரத்தில் மனு எழுதுவார். தொழிற்பிரிவில் படித்தவனுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கொடு, இன்ஜினியரிங்கில் இடம் கொடு, பள்ளிக்கூடத்துக்கு மின்சார மீட்டர் வாங்கிக் கொடு. சென்னைக்குப் பஸ் ஏறுவதும், ஏதாவது ஒரு போராட்டப் பந்தலில் வெயிலில் உட்கார்ந்துவிட்டு வருவதும், நான் கால் அமுக்கிவிடுவதும் வாடிக்கையாகிவிட்டது.

தாம்பூலத் தட்டு விஷயத்துக்கு வருகிறேன். பிரிவு தொடங்கிய வருஷம் ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை. மே மாத வெயிலில் வீடு வீடாகப் போய்க் கேட்டார். சேவூரில் ஒரு தறிக்காரர் தறியை விட்டு எழுந்திருக்காமலேயே கேலி செய்திருக்கிறார். வெறுங்கையை வீசிக்கொண்டு வந்து பிள்ளையைக் கேட்கிறீரே வாத்தியாரே, பெண் கேட்க வருகிறவன்கூடத் தட்டோடு வருவானே என்று. வேறு ஆளாக இருந்தால் சிரித்துவிட்டு வந்திருப்பான். இவர் மறுநாளே அதே வீட்டு வாசலில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ, பழத்தோடு போய் நின்றார். அந்த மனிதருக்கு வேறு வழி தெரியவில்லை. மகனைக் கொடுத்துவிட்டார்.

அன்றைக்குப் பிடித்தது சனி. ஒவ்வொரு மே மாதமும் தட்டு. எங்கள் பக்கத்தில் வெற்றிலை மாற்றிக்கொண்டால் மாற்றிக்கொண்டதுதான், பிறகு வாக்கு மாறமாட்டார்கள். ஆனால் அந்தத் தட்டை ஆண்பிள்ளை தனியாகத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? சுமங்கலி கையால்தான் அந்த வீட்டுப் பெண்ணின் கையில் கொடுக்க வேண்டும். ஆக நானும் போனேன். மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்து, பூ பறக்காமல் முந்தானையால் மூடிக்கொண்டு, சேவூர், போளூர், சந்தவாசல் என்று ஒரு ஊர் பாக்கியில்லை. எனக்கு மோட்டார் குரூப்பின் மேல் எந்தப் பக்தியும் கிடையாது. மே மாதம் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஒரு வருஷமும் நடக்கவில்லை.

அவர் பேச்சு எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு. எந்த இடத்தில் நிறுத்துவார், எந்த இடத்தில் தண்ணீர் கேட்பார் என்று எனக்கு மனப்பாடம். கேட்கிறவர்களின் கேள்வியும் ஒன்றேதான். உங்கள் பிள்ளையை இதில் சேர்ப்பீர்களா சார்? முதல் சில வருஷம் அந்தக் கேள்வி வந்தால் பேச்சு தடுமாறும். எங்கள் மகன் கிரண் அப்போது சின்னவன். அவன் பத்தாவது முடித்த வருஷம், நல்ல மார்க்கும் வாங்கி வைத்திருந்தான், அவனை மோட்டார் குரூப்பில் சேர்த்துவிட்டு வந்தார். அவன் ஆசைப்பட்டுத்தான் சேர்ந்தான் என்றார். வீட்டில் நான் ஆடிய ஆட்டம் தெருவுக்கே தெரியும். வாத்தியார் பிள்ளை மக்கு என்று என் காதுபடவே பேசினார்கள். என் பிள்ளையை டாக்டராகப் பார்க்க வேண்டியவள் நான், அவனைக் கிரீஸ் கையோடு பார்த்தேன்.

அதன் பிறகு அந்தக் கேள்வி வந்தால் அவருக்குக் கொண்டாட்டம். சேர்த்துவிட்டேனே, வேண்டுமானால் அவன் அம்மாவையே கேளுங்கள், என்று திரும்பி என்னைப் பார்ப்பார். வீட்டுக்காரர்களும் என்னைப் பார்ப்பார்கள். நான் தட்டில் உள்ள வெற்றிலையைச் சரி செய்வேன். ஒரு தடவைகூட வாயைத் திறந்ததில்லை. இவருக்கு மட்டும் ரோஷம் இருக்கலாம், எனக்கு இருக்கக் கூடாதா? கிரண் பிறகு பாலிடெக்னிக் போனான், கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம், சந்தவாசலில் கடைசி வீட்டை முடித்துக்கொண்டு வந்தோம். அன்றைக்கு வெயில் அப்படி. வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். நாளைக்குப் போளூர்ப் பக்கம், வெற்றிலை கொஞ்சம் அதிகமாக வாங்கி வை, என்றார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தார். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் அழவில்லை. அவ்வளவு அசதி.

அடுத்த வாரத்திலிருந்து தாம்பூலம் திரும்பி வர ஆரம்பித்தது. கொடுத்த கை போய்விட்டது, அபசகுனம், பிள்ளையின் படிப்பு விளங்காது என்று எந்த மகராசி முதலில் கிளப்பிவிட்டாளோ தெரியாது. துக்கம் விசாரிக்க வருவதுபோல் வருவார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து, சார் தங்கமான மனுஷன் என்பார்கள். கதவுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பையை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்ற வழக்கம் அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. பையைத் திறந்தால் புது வெற்றிலை, புதுப் பழம். நாங்கள் கொடுத்ததற்குக் குறையாமல் இருக்கும். அந்த மட்டும் மரியாதைக்காரர்கள்.

தலைமை ஆசிரியர் சக்கரவர்த்தி ஒரு நாள் வந்தார். நல்ல மனிதர், சதா தூக்கம் போதாதவர்போல இருப்பார். பத்துப் பேர் சேராவிட்டால் பிரிவை மூடச் சொல்லிவிடுவார்கள், அந்த அறையைக் கம்ப்யூட்டருக்குக் கேட்கிறார்கள், என்று இழுத்து இழுத்துச் சொன்னார். மே மாதத்தில் பத்துக்கு மேலேயே தாம்பூலம் வாங்கியிருந்தார்கள். திரும்பி வந்தது போக மிச்சத்தை நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். சரியாகப் பத்து. மூடினால் மூடட்டும் சார், அந்த மனுஷனைத் தின்றது போதாதா என்றேன். அப்போது மனதார அப்படித்தான் நினைத்தேன்.

காரியத்தன்று சாயங்காலம் பள்ளி மைதானத்தில் படத்திறப்பு வைத்தார்கள். அவரிடம் படித்தவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரிய மனிதர் பேச ஆரம்பித்ததும் கரண்டு போய்விட்டது. அவ்வளவுதான், வந்திருந்த அத்தனை பேரும் எழுந்து மெயின் போர்டைப் பார்க்கப் போய்விட்டார்கள். அத்தனை பேரும் அவர் மாணவர்கள், அத்தனை பேர் சட்டைப் பையிலும் டெஸ்டர். ஃப்யூஸ் என்கிறான் ஒருவன், லைனிலேயே இல்லை என்கிறான் இன்னொருவன், அங்கே ஒரே சண்டை. பெரிய மனிதர் காலி நாற்காலிகளைப் பார்த்து இரங்கல் தெரிவித்து முடித்தார். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருந்தால் தானும் மெயின் போர்டுப் பக்கம்தான் போயிருப்பார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, துக்கக்காரி சிரிக்கக் கூடாது என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

கரண்டு வந்த பிறகு வீரபாகு பேசினான். முதல் முதலில் சேர்ந்த பையன்களில் ஒருவன், தட்டு கேட்ட அந்தச் சேவூர்த் தறிக்காரர் மகன். இன்று ஆரணியில் சொந்தமாக மோட்டார் கட்டும் கடை வைத்திருக்கிறான். சார் இல்லையென்றால் நான் இல்லை, இந்தப் பிரிவை மூட விட்டால் நாம் மனுஷர்களே இல்லை, என்று சொல்லிவிட்டு மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதான். எல்லோரும் கை தட்டினார்கள். அவன் மகள் காவ்யா பத்தாவது பாஸ். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அப்பா கடையில் உட்கார்ந்து காயில் சுற்றுகிறவள், நல்ல கை என்று அவரே சொல்லியிருக்கிறார். அவளுக்கும் மே மாதத்தில் தாம்பூலம் கொடுத்திருந்தோம். அவளையும் சேர்த்துத்தான் அந்தப் பத்து.

பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது வீரபாகு வந்தான். கையில் மஞ்சள் பை.

எனக்குப் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. மற்றவர்களைப்போல் பையை ஒளித்து வைக்க அவனுக்கு மனசு வரவில்லைபோல. என் எதிரிலேயே தரையில் வைத்தான். தலையை நிமிர்த்தவில்லை.

"தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. வூட்ல ஒரே பேஜாரா கீது. குடுத்த கை போயிடுச்சி, இனிமே அது ஆவாதுன்றாங்க."

பிறகு அவனே நிஜத்தைச் சொன்னான். நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறதாம். மகளை இன்ஜினியர் ஆக்க வேண்டுமாம். கையை விரித்துக் காட்டினான். விரல் இடுக்கெல்லாம் காயிலுக்குப் பூசும் வார்னிஷ் கறுப்பு. பத்து சோப்பு போட்டாலும் போகாதும்மா, கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரன் என் கையைத்தான் பார்க்கிறான், என்றான். அவன் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. கிரணுக்காக நான் போட்ட சண்டையில் இதே வார்த்தைதான் பேசினேன். ஆனால் மைக்கில் அழுதவன் வாயிலிருந்து அது வந்ததும் எனக்குள் எதுவோ கொதித்துவிட்டது.

"குடுத்த கை எங்கடா போச்சு? உங்க சாரு பேசினாரு, அவ்ளோதான். உன் பொண்டாட்டி கையில தட்டைக் குடுத்தது யாரு? இந்தக் கை. இது இங்கதான் இருக்குது, நல்லாப் பாரு."

அவன் பார்த்தான். பிறகு எழுந்து, சொல்லிக்கொள்ளாமல் போனான். பை அங்கேயே கிடந்தது.

அன்று முழுக்க அந்தப் பையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கோபத்தில் சொன்னதுதான். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று உறைத்தது. இருபது வருஷமும் கொடுத்தது என் கை. இத்தனை வீட்டுப் பெண்கள் வெற்றிலை வாங்கியது என்னிடம். வாக்கு அவருடையது என்று நினைத்துக்கொண்டு, மூடினால் மூடட்டும் என்று நான் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறேன். என்ன மனுஷன், போகும்போதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று திட்டினேன்.

காலையில் குளித்து, தட்டை எடுத்தேன். வீரபாகு கொண்டுவந்த அதே வெற்றிலை, அதே பழம். குங்குமத்தையும் எடுத்து வைத்தேன். சேவூர் டவுன் பஸ்ஸில் ஏறினேன். பொட்டில்லாத நெற்றியோடு ஒருத்தி மடியில் மஞ்சள் குங்குமத் தட்டை வைத்துக்கொண்டிருந்தால் ஊர் என்ன செய்யும்? பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து பின்னால் போனாள். எனக்குக் காலை நீட்டிக்கொள்ள இடம் கிடைத்தது.

வீரபாகுவின் மனைவி ராதிகா வாசலில் என்னையும் தட்டையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். வா என்று சொல்லவும் பயம், போ என்று சொல்லவும் மனமில்லை. உள்ளே வீரபாகு இருந்தான். காவ்யா ஒரு புதுப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், ஹாஸ்டலுக்கு வாங்கியதாக இருக்கும். நானே உள்ளே போய், நின்றபடி பேச ஆரம்பித்தேன்.

எனக்கு என்ன பேசத் தெரியும்? அவர் பேச்சுதான் வந்தது. ஒரு வார்த்தை பிசகாமல் வந்தது. இதிலும் பாலிடெக்னிக் போகலாம், இன்ஜினியரிங் போகலாம், தனி இடம் வைத்திருக்கிறார்கள், அதைக் கேட்டு வாங்க எத்தனை பந்தலில் உட்கார்ந்தோம் தெரியுமா என்றேன். படித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவனும் இருக்கிறான், கையால் படிக்கிறவனும் இருக்கிறான் என்றேன். அவர் தண்ணீர் கேட்கும் இடத்தில் எனக்கும் தொண்டை வறண்டது. யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை.

அந்தக் கேள்வி வந்தது. ராதிகாதான் கேட்டாள்.

"உங்க புள்ளையும் இதுலதான படிச்சாரு? அவரு நல்லா இருக்காராம்மா? நெசமா சொல்லுங்க."

அவர் திரும்பி என்னைப் பார்க்கிற இடம் இது. இன்றைக்குத் திரும்பிப் பார்க்க அவர் இல்லை. மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். வெற்றிலை சரியாகத்தான் இருந்தது.

"உங்க சாரு போன அன்னிக்கு வூட்ல தண்ணி இல்ல," என்றேன். "மோட்டார் ஓடல. வூட்டு மோட்டார வேற யாரும் தொட்டா அவருக்குப் புடிக்காது, மே மாசத்துல அவருக்கும் நேரமில்ல, அதனால அதுக்கு வைத்தியமே பாக்காம கெடந்துச்சு. வந்தவங்க பக்கத்து வூட்லேர்ந்து தண்ணி எடுத்தாறேன்னாங்க. கோயமுத்தூர்லேர்ந்து ராத்திரி பஸ் ஏறி வந்து எறங்கினான் என் புள்ள. அப்பா மூஞ்சிய ஒரு தரம் பாத்தான். எங்கப்பாவுக்கு எங்க வூட்டுத் தண்ணிதான்னுட்டு, சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு மோட்டார் கிட்ட உக்காந்தான். அழுதுகினே பிரிச்சான். அழுதுகினே பூட்டினான். தண்ணி வந்துச்சு. அந்தத் தண்ணியிலதான் அவங்கப்பாவைக் குளிப்பாட்டினான். நல்லா இருக்கானான்னு கேட்டியே, இதுக்கு மேல நல்லா இருக்கறதுன்னா இன்னான்னு எனக்குத் தெரியலம்மா."

இத்தனை வருஷம் அவருக்குச் சொல்லாத பதிலை ராதிகாவிடம் சொல்லிவிட்டேன். அவர் இருக்கும்போது கேட்டிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் அந்த மனுஷன். நான் அழுதேன், அவர் போன பிறகு முதல் தடவையாக, அந்நியர் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு.

வீரபாகு தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். காவ்யா எழுந்து வந்து அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். ராதிகா புருஷனையும் கேட்கவில்லை, மகளையும் கேட்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டி, என்னிடமிருந்து தட்டை வாங்கிக்கொண்டாள்.

ஜூன் மாதம் பத்துப் பேரோடு, புது வாத்தியாரைப் போட்டு, பிரிவு நடந்தது. அடுத்த மே மாதம் எந்த ஊரிலிருந்து தொடங்கலாம் என்று தலைமை ஆசிரியர் இப்போதே கேட்கிறார். முதலில் என் முழங்காலுக்கு ஏதாவது தைலம் வாங்கி வாருங்கள் சார், பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.